சௌந்தரம் அம்மாவும் நம் என்.எஸ்.எஸ். முகாமும்

(மெக்கானிக்கல், 2007–2011 அணி)



சந்திப்பு மலருக்கு நம்ம பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் போன் செய்தார். நான் வத்தலக்குண்டுக்காரன். எங்க ஊர்க்காரர்களிடம் பெரியவர் யார் என்று கேட்டால் மூச்சு விடாமல் மூன்று பெயர் சொல்வோம்: சுப்பிரமணிய சிவா, கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயர், எழுத்து பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா. மூவரைப் பற்றியும் தமிழ் படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நானோ குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் காலம் தள்ளுகிற ஆள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போகிறேன். செம்பட்டி தாண்டிச் சின்னாளபட்டிப் பக்கம் போனால் காந்திகிராமம் வரும். அதை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் பிறந்தது அங்கேயுள்ள கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில். எங்க அம்மாவுக்குப் பிரசவம் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து அவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். அங்கே போனால் தாயும் பிள்ளையும் முழுசாகத் திரும்பி வருவார்கள் என்பதுதான் பாட்டி சொன்ன காரணம். இதைவிடச் சுருக்கமாகக் குவாலிட்டிக்கு விளக்கம் சொன்ன புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சௌந்தரம் அம்மா 1904-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். அப்பா டி.வி. சுந்தரம் ஐயங்கார். ஆமாம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவரேதான். ரோடு என்றால் மாட்டு வண்டித் தடம் என்றிருந்த காலத்தில், 1912-ஐ ஒட்டிப் பஸ் விட்டவர். அவருடைய பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். இன்னொரு கதையும் உண்டு. மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் குத்திப் பஞ்சராக்கிக்கொண்டே இருந்தனவாம். வழிநெடுக ஆள் போட்டுப் பஞ்சர் ஒட்டாமல், வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தாராம். இது எவ்வளவு உண்மையோ, மூல காரணம் பற்றி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பேன். பசங்க தூங்க மாட்டார்கள்.

அந்தக் குடும்பத்து நிறுவனங்களில் ஒன்றான சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்குக் கிடைத்த முதல் டெமிங் பரிசு அது. 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. எங்கள் துறையில் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஆனால் அதே வீட்டுப் பெண் அரை நூற்றாண்டுக்கு முன்பே, தொழிற்சாலைச் சுவர் எதுவும் இல்லாத கிராமத்தில் கிட்டத்தட்ட அதே காரியத்தைச் செய்தார் என்பது எனக்கே வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

செல்வமான வீடு. அந்தக் கால வழக்கப்படி 1918-லேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மதுரையில் பிளேக் பரவியபோது நோயாளிகளை விட்டு ஓடாமல் வைத்தியம் பார்த்தார், அதே நோய் அவரையும் கொண்டுபோய்விட்டது. சாவதற்கு முன் மனைவியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டாராம். அவள் டாக்டருக்குப் படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும். 1920-களில், ஐயங்கார் வீட்டில், ஒரு கணவன் இப்படிச் சொன்னான் என்றால் அந்த மனுஷனைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

முதல் விஷயத்துக்குப் பெற்றோர் துணை நின்றார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-ல் டாக்டராக வெளியே வந்தார். அங்கே உடன் படித்தவர் சுசீலா நய்யார். அவர் மூலம் காந்திஜியிடம் போனார். அந்த வட்டத்தில் அறிமுகமானவர் ஜி. ராமச்சந்திரன். நெய்யாற்றங்கரைக்காரர், சாந்தி நிகேதனில் படித்தவர்.

இரண்டாவது விஷயத்துக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு. மாப்பிள்ளை வேறு சாதி, வேறு மொழி, பெண்ணோ விதவை. காந்திஜி இருவரையும் ஒரு வருஷம் பார்க்காமல், கடிதம் எழுதாமல் பிரிந்திருக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் மனம் மாறவில்லையென்றால் தானே நடத்தி வைப்பதாக ஏற்றுக்கொண்டார். இருவரும் அப்படியே இருந்தார்கள். 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்திஜி முன்னிலையில் திருமணம் நடந்தது. நாங்கள் புது மெஷினுக்குக்கூட ஒரு வருஷம் டிரையல் ரன் வைத்ததில்லை!

1942 போராட்டத்தில் இருவரும் இருந்தார்கள். 1944-ல் கஸ்தூர்பா காலமான பிறகு அவர் பெயரில் நினைவு நிதி உருவானது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாடுபடுவதுதான் அதன் வேலை. நம் பக்கத்துப் பொறுப்பை காந்திஜி சௌந்தரம் அம்மாவிடம் கொடுத்தார். மதுரையிலோ சென்னையிலோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து நிர்வாகம் செய்திருக்கலாம். அவர் சின்னாளபட்டிக்கு வந்தார். தறி ஓடும் ஊர், சுற்றிலும் மானாவாரி நிலம். 1947 அக்டோபரில், சுதந்திரம் வந்த இரண்டாம் மாதம், காந்திகிராமம் பிறந்தது.

ஆஸ்பத்திரி தொடங்கியபோது இருந்தது இரண்டே இரண்டு படுக்கை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நம் காலேஜில் கடைசி வருஷம் டி.க்யூ.எம். என்று ஒரு பாடம் இருந்தது. டெமிங்கின் 14 அம்சங்கள், ஜூரான், இஷிகாவா, கட்டுப்பாட்டு வரைபடம் எல்லாம் உண்டு. பதினாறு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்த சாயங்காலமே மறந்த பாடம் அது. அதன் சாரம் ஒன்றுதான். ஊகத்தில் பெரிசாக இறங்காதே, முதலில் நிலைமையை எண்ணிப் பார். ஒரு சின்ன மாற்றத்தைச் சின்ன இடத்தில் செய்து பார். பலன் இருக்கிறதா என்று மறுபடி எண்ணு. இருந்தால் விரி, இல்லையென்றால் மாற்று. 1924-ல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் போட்ட வரைபடத்திலிருந்து வளர்ந்தது இந்தச் சிந்தனை. அவருடைய சிஷ்யர் மாதிரி இருந்த டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாதது, டெமிங் ஜப்பானில் பாடம் நடத்துவதற்கு முன்பே, 1947-48-ல் ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்து போயிருக்கிறார் என்பது. கல்கத்தா புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலநோபிஸ்தான் அழைத்தார். அதாவது ஷூஹார்ட் இங்கே ஆலை முதலாளிகளிடம் பேசிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், சின்னாளபட்டியில் இரண்டு படுக்கை ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது.

சௌந்தரம் அம்மா ஷூஹார்ட்டைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய குரு வேறு. ஆனால் சின்னதாக ஆரம்பிப்பது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, கிராமத்துப் பெண்களையே கிராம சேவிகைகளாகப் பயிற்றுவித்து அவர்கள் கொண்டுவரும் தகவலை நம்பி அடுத்த அடி எடுத்து வைப்பது, இவையெல்லாம் அங்கே அன்றாட வழக்கம். 1959-ல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய சுகாதார முன்னோடித் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். பிரசவம், குழந்தை நலம், குடும்ப நலம் எல்லாவற்றையும் ஒரே ஒன்றியத்துக்குள் செய்து பார்த்து, பதிவேடு வைத்து, வருஷாவருஷம் ஒப்பிட்டார்கள். பிறப்பு விகிதம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியது. பொது சுகாதாரத் துறையில் ஆத்தூர் அனுபவம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1964-ல் அதிலிருந்து ஒரு தனி பயிற்சி நிறுவனம் உருவானது.

1956-ல் கிராமியக் கல்வி நிலையம் தொடங்கியது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் கிராமத்தில் தங்குவது அங்கே பாடத்திட்டத்திலேயே உண்டு. படிப்பு ஒரு பக்கம், சேவை ஒரு பக்கம் என்று பிரிக்கவில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995-ல் தன் பொறியியல் மாணவர்களை ஊர்ச் சேவை அமைப்புகளோடு சேர்த்து புராஜெக்ட் செய்ய வைத்தது. எபிக்ஸ் என்று அதற்குப் பெயர், இப்போது பல நாடுகளில் காப்பி அடிக்கிறார்கள். நமக்கு அது புதுசு போலத் தோன்றினால் காந்திகிராமத்துக்கு ஒரு தடவை போய் வரலாம். திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸே போகும்.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் தொகுதிகளில் சட்டமன்றத்துக்கு, 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கு. அதே 1962-ல் பத்மபூஷண். நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சர். 1967-ல் தி.மு.க. அலையில் தோற்றார், காந்திகிராமத்துக்கே திரும்பி வந்தார். கல்லூரி மாணவர்கள் சமூக சேவையில் ஈடுபட வேண்டும் என்ற யோசனை டெல்லியில் பல வருஷம் கமிட்டி கமிட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது அவர் பதவியில் இல்லை. நாம் சட்டையில் குத்திக்கொண்ட அந்தச் சக்கர பேட்ஜுக்குப் பின்னால் நம்ம ஜில்லாக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போது அந்த பேட்ஜோடு நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷ முகாம். எங்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். தெருக்குழாயடியில் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடந்தது. ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தே முடிவு பண்ணிவிட்டோம், உறிஞ்சு குழி வெட்டுவதென்று. ஏழு நாளில் ஆறு குழி. கருங்கல் ஜல்லி, செங்கல் ஜல்லி, மணல் எல்லாம் அளவு பார்த்துப் போட்டோம். பேனர் பிடித்து போட்டோ எடுத்தோம். அந்த வருஷ அறிக்கையில் குழிகளின் எண்ணிக்கையை எழுதியவன் நான்தான்.

அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போனால் ஆறும் மண் மூடிக் கிடந்தன. ஒன்றின் மேல் ஒரு பாட்டி கல்லைப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கொசு. எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுபடி வெட்டலாம் என்று கடப்பாரையை எடுத்தோம். எங்களோடு வந்த மெக்கானிக்கல் ஆசிரியர் தடுத்தார். கடப்பாரைக்குப் பதில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு நாள் குழாயடியில் உட்கார்ந்து எண்ணி வரச் சொன்னார். யார் வருகிறார்கள், எத்தனை குடம், எத்தனை மணிக்கு, ஆள் இல்லாமல் எவ்வளவு நேரம் தண்ணீர் ஓடுகிறது. கோடு போட்டு எண்ணுகிற அந்த ஷீட்டை அதற்கு முன் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

முதல் நாள் கேலியாகத்தான் இருந்தது. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் குடம் எண்ணுகிறதுகளே என்று சிரித்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லா ஷீட்டையும் கோயில் திண்ணையில் பரப்பிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த நேரம் ஊரில் பெண்களே கிடையாது. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகை அனுப்ப, இருட்டோடு இருட்டாகப் பூ எடுக்கப் போய்விடுகிறார்கள். வெயில் ஏறினால்தான் திரும்புகிறார்கள். வீட்டில் இருக்கிற கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். சேற்றுக்குக் காரணம் குழி இல்லாதது அல்ல, மணி!

உடனே ஊர் முழுக்க நேரத்தை மாற்றச் சொல்லக் கிளம்பினோம். ஆசிரியர் மறுபடி தடுத்தார், ஒரே ஒரு தெருவில் மூன்று நாள் மட்டும் செய்து பார்க்கச் சொன்னார். டேங்க் ஆபரேட்டரிடம் போய்க் கேட்டோம். அந்தத் தெரு கேட் வால்வைக் கடைசியாகத் திறக்க உடனே சம்மதித்தார். திரும்ப எண்ணினோம். வழிகிற நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பிறகுதான் மற்ற தெருக்கள். இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. பெண்கள் இல்லாத நேரத்தில் தண்ணீர் விடுகிறோம் என்பது ஆபரேட்டருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். யாரும் அவரைக் கேட்கவில்லை. போன வருஷம் ஏழு நாள் அவர் கண் முன்னாலேயே குழி வெட்டிய நாங்களும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கீழத் தெருவில் தேக்கம் அப்படியே இருந்தது. அங்கே வாட்டமே தப்பு, சாக்கடை கட்டினால்தான் தீரும். அது மாணவர் முகாமால் ஆகிற வேலை இல்லை. அதையும் எண்களோடு எழுதிப் பஞ்சாயத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த மூன்று நாளில் கற்றதை வைத்துத்தான் நான் இன்று ஓசூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறேன். மெஷின் ஓட்டுகிறவரை முதலில் கேள் என்ற ஒரு பழக்கத்துக்கே பாதிச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் இது ஏன் ஏறவில்லை என்று யோசித்திருக்கிறேன். லேபில் நாம் அளக்கிற இரும்புத் துண்டுக்கு யாரும் காத்திருப்பதில்லை. குழாயடியில் அளவு தப்பினால் ஒரு பெண் பூக்கூடையை இறக்கிவிட்டுக் காலிக் குடத்தோடு நிற்பாள், அதை நாம் பார்த்துக்கொண்டும் நிற்போம்.

எண்ணுவதிலும் ஆபத்து உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் நான் குவாலிட்டி ஆளே இல்லை. நெருக்கடிக் காலத்தில், 1975-77-ல், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு நிர்ணயித்து நாடு முழுக்க அதிகாரிகளை விரட்டியபோது என்ன கொடுமை நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் மனசோடு வந்து சேர்ந்த ஆத்தூர் மாதிரி வேலைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டெமிங் தன் 14 அம்சங்களில் ஒன்றாக எண்ணிக்கை இலக்குகளை ஒழிக்கச் சொன்னது இதனால்தான். தெரிந்துகொள்ள எண்ணுவது வேறு, கணக்குக் காட்ட எண்ணுவது வேறு. என்னுடைய ஆறு குழி இரண்டாவது ரகம். நம் காலேஜ் அறிக்கைகளில் வருஷாவருஷம் வருகிற மரக்கன்று எண்ணிக்கையும் அதே ரகம்தான் என்பது என் அபிப்பிராயம். சீனியர்கள் யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நானும் நட்டவன்தான்.

சௌந்தரம் அம்மா 1984 அக்டோபரில் காலமானார். ராமச்சந்திரன் அவருக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்து 1995-ல் போனார். 2005-ல் தபால் துறை அம்மாவுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. இரண்டு படுக்கையாக இருந்த இடம் இன்று பெரிய ஆஸ்பத்திரி. போன வருஷம் என் தங்கைக்கு அங்கேதான் பிரசவம். வராந்தாவில் காத்திருந்தபோது ஒரு நர்ஸ் பெரிய பதிவேட்டில் நேரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். தொழில் புத்தியில் எட்டிப் பார்க்கப் போய் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

என்.எஸ்.எஸ்.ஸில் ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240, கூடவே ஒரு ஏழு நாள் முகாம். அதில் முதல் இருபது மணி நேரமாவது கடப்பாரையைத் தொடாமல் எண்ணுவதற்கும் கேட்பதற்கும் ஒதுக்கித் தரும்படி கல்லூரியிடம் கேட்கச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர் ஊராக வேலை பார்க்கிற நம் ஆட்கள் ஒரு நாள் லீவு போட்டு வந்து அந்த ஷீட்டுகளைப் பசங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தயார் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பதில் வருகிறபோது வரட்டும். அதற்குள் ஒரு சின்ன வேலை இருக்கிறது. போன முகாமில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று பார்த்துவர, சந்திப்பு முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் போகிறோம். மாணவர்களும் வரலாம். காலை 7 மணிக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட். நோட்டுப் புத்தகம் நான் வாங்கி வருகிறேன், பேனா மட்டும் கொண்டு வாருங்கள்.